பீலிக்கு மேலே வைத்த வெள்ளைப் பெட்டி

என் வேலைக்கு ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. சாப்பாட்டுப் பெட்டி அளவில் இருக்கும். முகப்பில் வட்டமாக ஒரு நீல விளக்கு. அதை மூன்று கால் தாங்கியின் உச்சியில் பொருத்தி, கீழே ஒரு பெட்டரியைக் கட்டி ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, போனையோ லெப்டொப்பையோ கையில் ஏந்திக்கொண்டு நான் நடப்பேன். சிக்னல் எதுவரை வருகிறது, எந்தச் சுவரில் முட்டி நிற்கிறது, எந்த வளைவில் செத்துப்போகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போவேன். வைஃபை கருவிகளை நிரந்தரமாக எங்கெங்கே பூட்டுவது என்று முடிவெடுக்கத்தான் இந்த நடை. பெட்டிக்குள் சிம் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. அது யாருடைய பேச்சையும் கேட்காது, எதையும் பார்க்காது. ஒரு பெயரை மட்டும் சுற்றியிருக்கும் போன்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த விளக்கத்தைக் கித்துல்கலவில் விடுதிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். மாவனல்லையில் கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம். கலவானைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மட்டும் சொல்லாமல் விட்டேன். அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள்தான் என்பதால் இதை எழுதும்போது கை கூசுகிறது.

நான் பிறந்தது கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டம். அப்பா பால் வெட்டியவர். படித்து முடித்து இரத்தினபுரி டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் நெட்வொர்க் டெக்னிசியனாகச் சேர்ந்தேன். கம்பெனியில் களத்துக்குப் போகும் ஒரே பெண் நான்தான். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிங்களத்தில் பேசத் தொடங்கினால் என்னைத் தமிழ் என்று யாரும் நினைப்பதில்லை. அது பல இடங்களில் எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. நானும் அந்த வசதியைப் பழகிக்கொண்டேன்.

அந்தத் தோட்டத்துக்கு இரண்டு நாள் வேலை. முதல் நாள் காலை தோட்ட மனேஜரான துரை என்னை ஆபிசுக்குள் கூப்பிட்டு ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். ஒன்பது இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்து எண் போட்டிருந்தது. ஆபிஸ், தொழிற்சாலை, கொழுந்து நிறுக்கும் மடுவம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் என்று எல்லாம் எதிர்பார்த்த இடங்கள். ஏழாம் புள்ளி மட்டும் லயத்துக்குப் பின்னால், மலைக்கும் லயத்துக்கும் நடுவே இருந்தது. அங்கே கட்டடம் எதுவும் இல்லை. எதற்காக என்று கேட்டேன். பிற்காலத்தில் தேவைப்படும் என்றார். எதற்குத் தேவைப்படும் என்று கேட்டிருக்கலாம். அவர் ஏற்கனவே அடுத்த கோப்பைத் திறந்துவிட்டிருந்தார். சந்தேகம் வந்தது, ஆனால் சந்தேகப்படுவது என் வேலையில்லை என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

என்னோடு கூட வர ஒரு ஃபீல்ட் ஒபிசரை அனுப்பினார்கள். சிங்களவர், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். நான் தாங்கியை நிறுத்தும்போதெல்லாம் இரண்டடி தள்ளி நின்று என் போன் திரையைப் பார்ப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. வேலையைக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறாரா, நான் சரியாகச் செய்கிறேனா என்று துரைக்குச் சொல்லப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டு, திரையை அவர் பக்கம் காட்டாமல் திருப்பிப் பிடித்தேன்.

பெரட்டுக்களத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஆட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஒருவர் வந்தார். கையில் இருந்த போனை என்னிடம் நீட்டினார். எங்கள் கம்பெனியில் இந்தப் பெட்டி சொல்லும் பெயர் 'சர்வே'. பக்கத்தில் அந்தந்தப் புள்ளியின் எண் வரும். அவருடைய திரையில் ஆங்கிலத்தில் 'சர்வே நாலு' என்று வந்திருந்தது.

"சர்வேன்னு வருதுங்களே. காணி அளக்குறீங்களா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். நில அளவையாளர் சங்கிலியோடு வந்தால், கொஞ்ச நாளில் ஒரு மலை வேறு யாருடைய கைக்கோ போகும், அல்லது ஒரு லயத்தை உடைப்பதாகப் பேச்சு வரும். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபீல்ட் ஒபிசர் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டார். இது இன்டர்நெட் வேலை, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நின்று கேட்டிருப்பார். மழை வருவதற்குள் ஐந்தாம் புள்ளியை முடிக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் மண்டைக்குள் இருந்தது.

அன்று சாயங்காலம் லயத்துப் பக்கம் நடந்தபோது இன்னொருவர் வந்து நின்றார். கொழும்பில் போன் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறவராம், லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். பெட்டிக்குள் என்ன சிப், எந்த நாட்டுத் தயாரிப்பு, பெட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்றெல்லாம் கேட்டார். இவ்வளவு ஏன் கேட்கிறார் என்று நினைத்தேன். சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பையில் வைத்துப் பையை இழுத்து மூடினேன்.

இரண்டாம் நாள் காலை ஏழாம் புள்ளிக்குப் போனோம். லயத்துக்குப் பின்னால் மண்திட்டு ஒன்று உயர்ந்திருந்தது. அதன் மேல் நின்றால் இந்தப் பக்கம் லயமும் அந்தப் பக்கம் லொரி போகும் ரோடும் முழுதாகத் தெரியும். சிக்னலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தாங்கியின் கால்களை ஈர மண்ணில் ஊன்றி, பெட்டியை லயத்துப் பக்கம் சரித்து வைத்து, நீல விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஃபீல்ட் ஒபிசர் என்னோடு வந்தார். ரோட்டு வளைவு வரை அளந்து, பிறகு பிள்ளைக்காம்பராவைச் சுற்றி அளந்தோம். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். திரும்பி வர முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.

தாங்கி அதே இடத்தில் நின்றது. அதன் உச்சி வெறுமையாக இருந்தது. பெட்டியும் இல்லை, பெட்டரியும் இல்லை.

முதலில் விழுந்திருக்கும் என்று நினைத்துத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் தேடினேன். காலில் இரண்டு அட்டைகள் ஏறியதுதான் மிச்சம். பெட்டரியைக் கட்டியிருந்த பட்டி அறுக்கப்படவில்லை. கழற்றி, மடித்து, தாங்கியின் காலடியில் வைத்திருந்தார்கள். அந்த மடிப்பைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. திருடு என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. உடனே நினைவுக்கு வந்தது போன் திருத்துகிறவருடைய முகம். பெட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று அவர்தானே கேட்டார்.

ஃபீல்ட் ஒபிசர் துரைக்குப் போன் எடுத்தார். துரையின் குரல் எனக்கே கேட்டது. கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் லயத்து வீடுகளை ஒவ்வொரு காம்பராவாகத் திறந்து பார்க்கச் சொன்னார். கிடைக்காவிட்டால் பொலிசுக்குச் சொல்லலாம் என்றார்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதாக இருக்கும்போது எங்கள் லயத்தை அப்படித் திறந்து பார்த்தார்கள். இறப்பர் ஷீட் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. எங்கள் காம்பராவில் அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள், அம்மாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். கடைசியில் என் புத்தகப் பையையும் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கவிழ்த்ததை யாரும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகவும் இல்லை.

நான் ஃபீல்ட் ஒபிசரிடம், கொஞ்சம் பொறுங்கள், பெட்டி இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, நானே கண்டுபிடிக்கிறேன் என்றேன். பொய்யில்லை. எடுத்தவர்கள் பெட்டியையும் பெட்டரியையும் இணைக்கும் வயரைப் பிடுங்கவில்லை. என் போனில் 'சர்வே ஏழு' இன்னும் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மைனஸ் எழுபத்தெட்டு என்று எண். மைனஸை விட்டுப் பார்த்தால், இந்த எண் பெட்டியிலிருந்து தூரம் போகப் போகக் கூடும், கிட்டப் போகப் போகக் குறையும். இருபது முப்பதுக்கு வந்தால் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு லயத்தின் முன்பக்கமாக நடந்தேன். பன்னிரண்டு காம்பரா. வேலைக்குப் போகாதவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் கொடியில் போட்ட துணியை மறுபடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதையும் குற்றக் கணக்கில்தான் சேர்த்தேன். எழுபத்திரண்டு. அறுபத்தாறு. ஏழாவது காம்பரா வாசலில் போன் திருத்துகிறவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண் ஐம்பத்தெட்டுக்கு வந்தது.

நான் நின்றுவிட்டேன். அவரும் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். எண் எதைக் காட்டுகிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் ஃபீல்ட் ஒபிசரின் சப்பாத்துச் சத்தமும் நின்றது. நான் கையை நீட்டி இங்கே என்று சொல்லியிருந்தால் போதும், அடுத்த நிமிடம் அந்தக் காம்பராவில் எல்லாம் கவிழ்ந்திருக்கும். நீட்டுவதற்குக் கை துடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்தில் சிக்னல் நன்றாக இருந்தால் அதோடு விட்டுவிடமாட்டோம், தாண்டிப் போய் எங்கே குறையத் தொடங்குகிறது என்று பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் கால் தானாக நகர்ந்தது. எட்டாவது காம்பராவில் ஐம்பத்தைந்து. பத்தாவதில் ஐம்பது. லயம் முடிந்து, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, மாரியம்மன் கோயில் வாசலில் நின்றபோது நாற்பத்தொன்று.

கோயிலின் இரும்புக் கேற் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு ஊடாக உள்ளே பார்த்தேன். அம்மனுக்கு முன்னால் மஞ்சள் துணி ஒன்று எதையோ மூடிக்கொண்டிருந்தது. துணிக்கு அடியில் லேசாக நீலம் தெரிந்தது.

திருடியவர்கள் கோயிலில் கொண்டுபோய் வைக்கமாட்டார்கள். கேற்றின் முன்னால் நின்றபோதுதான் அந்த மடித்து வைத்த பட்டி எனக்கு விளங்கியது. இது வேறு ஏதோ விஷயம். என்ன விஷயம் என்று தெரியாமல் ஃபீல்ட் ஒபிசரிடம் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். சிக்னல் நின்றுவிட்டது, பெட்டரி முடிந்திருக்கும் என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் என் பையைப் பார்த்தார். இவர்கள் உங்கள் ஆட்கள்தானே என்றார். கேள்வியா குற்றச்சாட்டா என்று புரியவில்லை. துரையிடம் போய் நிலைமையைச் சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று அவர் போனார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அவர் வளைவில் மறைந்ததும் கோயிலின் பக்கவாட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், தலைமுடி ஈரமாக இருந்தது, தோளில் துண்டு. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர். தோட்டத்து மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி என்பது பிறகு தெரிந்தது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க தமிழா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். கேகாலைப் பக்கம், இறப்பர் தோட்டம் என்று சேர்த்துச் சொன்னேன். அது அவரைக் குளிரவைக்கும் என்று நினைத்தேன். முகம் இன்னும் இறுகியது.

"அப்ப தெரிஞ்சேதான் வச்சிருக்கீங்க" என்றார்.

என்ன வைத்தேன் என்று கேட்டேன். அவர் லயத்துப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். லயத்தைச் சுற்றிக்கொண்டு மண்திட்டில் ஏறி, தாங்கி நின்ற இடத்துக்கே கூட்டிப்போனார். பெட்டி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே என்னைப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். திட்டின் அடியில், பாறை இடுக்கிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பீலி. பக்கத்தில் துவைக்கும் கல். கல்லின் மேல் சோப்பும் ஒரு நீல வாளியும். நெஞ்சுக்குக் குறுக்கே பாவாடையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் குனிந்து தலைக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் மேலே நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

காலையில் இதே இடத்தில் நான் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் காதில் விழாமலா இருந்திருக்கும். லயம் தெரிகிறதா, ரோடு தெரிகிறதா என்று பார்த்த கண்ணுக்கு நடுவில் இருந்த பீலி தெரியவில்லை. வட்டமான நீல விளக்கை அந்தப் பக்கம் சரித்து வைத்தது என் கைதான்.

"ஷிப்டு முடிஞ்சு நாலு பேரு குளிச்சிக்கிட்டு இருந்தோம். நிமிந்து பாத்தா மேல கண்ணு மாதிரி ஒண்ணு எரியுது. எங்களுக்கு எப்புடி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அது கெமரா இல்லை அக்கா என்றேன். எனக்கே என் குரல் நம்பத்தக்கதாகத் தெரியவில்லை.

அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். முதல் நாள் கணக்கப்பிள்ளை கேட்டும் நான் வாய் திறக்கவில்லையாம். போன் திருத்துகிற தம்பி கேட்டும் சரியாகச் சொல்லாமல் பையை மூடினேனாம். ஆபிசில் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார்களாம். அதனால்தான் உடைக்காமல், ஒளிக்காமல், அம்மன் முன்னால் வைத்துப் பூட்டிவிட்டு, யாராவது வந்து தமிழில் ஒழுங்காகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசல்களில் மோப்பம் பிடித்து நடந்ததையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கோயிலைத் திறந்து பெட்டியை எடுத்துத் தந்தார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் எனக்குத் தேத்தண்ணி தந்த அம்மாவும் வந்து நின்றார், காலையில் இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. நான் படியில் உட்கார்ந்து பையிலிருந்து திருகாணிச் சாவியை எடுத்து, பெட்டியின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே பச்சைத் தகடு, அதன் மேல் இரண்டு சின்ன ஏரியல், ஒரு விளக்கு. கண்ணாடி எதுவும் இல்லை பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். பார்த்தார்கள். ஒருவரும் தலையாட்டவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், அவர்களுக்குத் தெரியாததைக் காட்டுகிறேன், அதை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

தலைவி லயத்துப் பக்கம் ஆளனுப்பிப் போன் திருத்துகிறவரைக் கூப்பிட்டார். அவர் வந்து பெட்டியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயர்களைத் தடவினார்.

"கெமரா இல்லக்கா. மைக்கும் இல்ல. ரவுட்டர் மாதிரிதான், சும்மா பேரு மட்டும் விடும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் மூச்சை விட்டாள். இரண்டு பேர் தங்களுக்குள் எதையோ பேசிச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவருடைய வாசலில் நான் எதை நினைத்து நின்றேன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருந்தும் கேட்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நானும் சொல்லவில்லை, நன்றி மட்டும் சொன்னேன்.

ஆனால் தலைவி அதோடு விடவில்லை. வரைபடத்தை விரிக்கச் சொன்னார். எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துச் சொன்னாள். மடுவத்தில் வைப்பது புதுத் தராசுக்கு, பெரட்டுக்களத்தில் வைப்பது கைரேகை மெஷினுக்கு என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். விரல் ஏழில் வந்து நின்றது.

"இது எதுக்கு?"

தெரியாது என்றேன்.

"எதுக்குன்னு தெரியாம எப்புடிங்க அளக்க வந்தீங்க?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்தத் திட்டில் கெமரா வராது என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்த முகங்களுக்கு முன்னால் வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

ஃபீல்ட் ஒபிசர் திரும்பி வந்தபோது தனியாகத்தான் வந்தார். என் கையில் பெட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இருவரும் ஆபிசுக்குப் போனோம். நான் துரையிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். பீலிக்கு மேலே வைத்தது என் பிழை, பெண்கள் கெமரா என்று நினைத்துவிட்டார்கள் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம், எப்படியும் அங்கே ஒரு கெமரா வரத்தான் போகிறது, கொழுந்து லொரி போகிற ரோட்டைப் பார்க்க அதுதான் நல்ல உயரம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், நாளைக்கு மழை வரும் என்பதுபோல. அவர்கள் பயந்தது நடக்கத்தான் இருந்தது, கொஞ்சம் முந்திப் பயந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதை அந்தப் பெண்களிடம் யாரையாவது கொண்டு தமிழில் சொல்ல வைத்தால் நல்லது என்றேன். பார்க்கலாம் என்றார்.

கலவானை பஸ்ஸுக்கு என்னை மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்டது ஃபீல்ட் ஒபிசர்தான். பஸ் வரும்வரை கூட நின்றார். நான் ஏறப்போகும்போது, கோயில் வாசலில் நாற்பத்தொன்று என்று அவரும் பார்த்ததாகச் சொன்னார். பெட்டரி முடிந்த பெட்டி நாற்பத்தொன்று காட்டாது, மிஸ் என்றார். துரையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவீர்கள், நான் நாளைக்கும் இந்த லயத்து வழியாகத்தான் மலைக்குப் போக வேண்டும் என்றார். அவர் என் திரையை எட்டிப் பார்த்ததைப் பற்றி இரண்டு நாளாக நான் நினைத்ததெல்லாம் என்னோடு பஸ்ஸில் ஏறியது.

அறிக்கையில் ஏழாம் புள்ளிக்கு எதிரே 'பொருத்தமில்லை' என்று எழுதினேன். எங்கள் முதலாளி எண்களைப் பார்த்துவிட்டு, ஒன்பதில் இதுதானே ஆகச் சிறந்த சிக்னல், ஏன் பொருத்தமில்லை என்றார். கீழே பெண்கள் குளிக்கும் இடம் இருக்கிறது என்றேன். அது நெட்வொர்க் காரணம் இல்லையே என்றார். இருந்தாலும் அந்த வரியை அழிக்கவில்லை. அறிக்கை அப்படியே போனது. அதோடு அந்தத் திட்டை விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, துரை சொன்னதை நான் தலைவியிடம் சொல்லவில்லை. நாங்கள் எட்டு இடங்களில் கருவி பூட்டினோம். பூட்டப் போனபோது ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னேன். கேட்டார்கள். தலைவியும் ஒரு பக்கம் நின்று கேட்டார். நான் ஏணியில் ஏறி இறங்கும்வரை அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை.

மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"வராதுன்னு சொன்னீங்க. வந்திருச்சு" என்றார்.

வேறு யாரோ வந்து திட்டின் மேல் கம்பம் நட்டுக் கெமரா பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். துரைக்குப் போன் எடுத்தேன். அது ரோட்டைத்தான் பார்க்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போனேன். தலைவியும் நானும் திட்டில் ஏறினோம். கெமராவின் கண் ரோட்டுப் பக்கம்தான் இருந்தது. பீலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தைச் சுற்றி நடந்து, கீழே இறங்கிப் பீலியடியில் நின்றும் பார்த்தேன். அங்கிருந்து அதன் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. இது கையால் திருப்புகிற வகைதான், ஏணி வைத்து ஏறினால்தான் திரும்பும், யாராவது ஏணியோடு வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

"இன்னைக்கு ரோட்டப் பாக்குது" என்றார் அவர்.

சங்கத்தில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்து, ஒரு நாள் காலையில் பெரட்டுக்குப் போகாமல் எல்லோரும் ஆபிஸ் வாசலில் நின்ற பிறகுதான் பீலியைச் சுற்றித் தகரம் அடித்துக் கொடுத்தார்கள். ஆளுயரத்துக்கு மேலே, மூன்று பக்கமும். கூரை இல்லை. அதைத் தலைவிதான் போனில் சொன்னார். தகரம் வந்ததில் பிள்ளைகளுக்கு நிம்மதி என்றார். அதற்குப் பிறகும் பீலிக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து ஒரு தடவை கம்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுக்கிறார்களாம்.

அந்தக் கெமரா வேறு ஏதாவது பார்க்கிறதா, பதிவை யார் யார் திறந்து பார்க்கிறார்கள் என்று அவர் கேட்டார். அதைப் பூட்டியது நாங்கள் இல்லை, அதன் பாஸ்வேர்ட் என்னிடம் இல்லை, எனக்குத் தெரியாது அக்கா என்றேன். சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.